பொத்தானுக்கு அஞ்சுபவனை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் சிறுகதை எழுதப் பழகும் இளைஞர்களோடு மாதம் ஒருமுறை அமர்ந்து அவர்கள் எழுதியவற்றைப் படிக்கிறேன். சென்ற முறை அரூரிலிருந்து வந்த தம்பி ஒருவர், கோழி இறகைக் கண்டால் நடுங்கும் ஒருவனைப் படைத்திருந்தார். மூன்றாம் பக்கத்திலேயே, ஆறு வயதில் அவனைச் சேவல் துரத்திய நினைவு வந்துவிட்டது. என் முதல் நாவலைக் கெடுத்த பிழையும் அதுவே. போபியாவின், அதாவது ஒரு பொருளையோ சூழலையோ கண்டு அளவுமீறி அஞ்சும் நிலையின், கிரேக்கப் பெயரைப் பாத்திரத்தின் வாயில் திணிப்பது போன்றவை எழுத எழுதத் தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அச்சத்துக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பது

என் நாயகன், குட்டி சூரத் என்று அழைக்கப்படும் பர்கூரில், ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவன். சட்டைப் பொத்தானைத் தொட முடியாதவன். அவனுடைய தம்பி சிறுவயதில் பொத்தானை விழுங்கி இறந்ததாக அறுபது பக்கம் எழுதினேன். இரண்டு ஆண்டு உழைப்பைப் படித்த பதிப்பாசிரியர், "தம்பி இறந்தது தெரிந்த பிறகு இவனைப் பற்றி நான் அறிய எதுவும் மிஞ்சவில்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த அறுபது பக்கங்களை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

1920இல் ஜான் வாட்சன், ரோசலி ரேனர் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள், ஒரு குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்து ஒலியெழுப்பி, எலியைக் கண்டாலே அது அழும்படி செய்தார்கள். ஒரு நிகழ்ச்சி, அதிலிருந்து ஓர் அச்சம் என்ற அந்த வாய்பாடு கதை எழுதுபவர்களுக்கு மிக வசதியானது. ஆனால் போபியா உள்ளவர்களில் பலரால் அது எப்போது, எதனால் தொடங்கியது என்று சொல்ல முடிவதில்லை. அச்சத்தை வளர்த்து வைத்திருப்பது அன்றாட விலகல்தான். விலகியவுடன் கிடைக்கும் நிம்மதியே அடுத்த முறையும் விலகச் சொல்கிறது.

ஆகவே எழுத வேண்டியது அந்த விலகலையே. மகளின் பள்ளிச் சீருடைக்குத் தினமும் மனைவிதான் பொத்தான் போடுகிறாள். பிரசவத்துக்கு அவள் கிருஷ்ணகிரி மருத்துவமனையில் இருக்கும் வாரத்தில், பாதி உடுத்திய குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் அனுப்பிவிட்டு, கையில் சுளுக்கு என்று அவன் பொய் சொல்கிறான். மூன்றாம் நாள் அந்த அக்கா தைலப் புட்டியோடு வந்து வாசலில் நிற்கிறாள். அறுபது பக்கத்தில் பிடிபடாத அந்த மனிதன் இந்த ஒரு காட்சியில் எனக்குப் பிடிபட்டான்.

சிரிப்புக்குப் பயன்படுத்துவது

கூடாது.

மயங்கி விழ வைப்பது

இரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றுக்கு அஞ்சுபவர்களுக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் மயக்கம் வரும். மற்ற போபியாக்களில் பொதுவாக நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், ஓடத் தோன்றும், மயக்கம் அரிது.

வெறும் அருவருப்பைப் போபியா என்பது

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறையின்படி, அச்சம் பொதுவாக 6 மாதமாவது நீடித்து வாழ்க்கையை இடறச் செய்ய வேண்டும்.

இறுதிக் காட்சியில் குணமாக்குவது

மகளைக் காப்பாற்றும் வேகத்தில் தந்தை பொத்தானைப் பிடித்துவிடுவதாகவும் ஒரு முடிவு எழுதினேன், அதுவும் பொய். ஒரே அமர்வில் முடிக்கும் சிகிச்சை உண்டு. சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1989இல் அதை விவரித்தார். ஆயினும் அந்த அமர்வு மூன்று மணி நேரம் வரை நீளக்கூடியது. பயிற்சி பெற்றவர் உடனிருக்க, நோயாளியின் சம்மதத்தோடு, படிப்படியாக நடப்பது. திருத்திய நாவலின் கடைசிப் பக்கத்தில் என் கணக்கர், மூடியிட்ட கண்ணாடிப் புட்டிக்குள் இருக்கும் ஒற்றைப் பொத்தானை மேசையின் எதிர்ப்புறத்தில் வைக்கச் சொல்லி, மகள் பள்ளியிலிருந்து திரும்பும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.