ஃபெலியோஸ ஒரே காசுல முடிக்கணுமா, மொதல்ல அடிக்காம இருக்கப் பழகுங்க

சேலத்துல, ஏற்காட்டுல பழைய கேம் மேல ஆசை உள்ள பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது ஒண்ணுதான். "அண்ணா, ஃபெலியோஸ் செமயா இருக்கு, ஆனா மெடூசாவயே தாண்ட முடியல, என்ன பண்றது?" பதில இப்பவே சொல்லிடுறேன், நீங்க விடாம அடிச்சிக்கிட்டே இருக்கீங்க, அதான் பிரச்சனை. இந்த கேம்ல எப்ப அடிக்கணும்ங்கறத விட எப்ப அடிக்கக் கூடாதுங்கறதுதான் பெரிய விஷயம், அது கைக்கு வந்துட்டா மிச்சமெல்லாம் தானா வந்துரும்.

தெரியாதவங்களுக்கு, ஃபெலியோஸ் நாம்கோ கம்பெனி 1988ல ஆர்கேடுக்குப் பண்ண கேம், அதாவது கடைல காசு போட்டு ஆடுற மெஷினுக்கு. ஒரே காசுலன்னா, செத்தா மறுபடி காசு போட்டுத் தொடராம மொதல்லருந்து கடைசி வரைக்கும் போறது. 1990ல வீட்டு டிவில மாட்டி ஆடுற செகா மெகா டிரைவுக்கும் வந்துச்சு. கீழருந்து மேல போற ஷூட்டர். வழக்கமா இந்த மாதிரி கேம்ல விண்வெளிக் கப்பல் இருக்கும், இதுல அப்பல்லோ பெகாசஸ்ங்கற றெக்க வச்ச குதிரை மேல ஏறிக்கிட்டு, டைஃபான் புடிச்சி வச்சிருக்கற ஆர்ட்டெமிஸ மீட்டுட்டு வரப் போறாரு. மொத்தம் 7 ஸ்டேஜ், மொதல்ல மெடூசா, கடைசில டைஃபான், நடுவுல ஸ்கில்லா, செர்பெரஸ்னு கிரேக்கக் கதைல வர்ற ஆளுங்க வரிசையா வருவாங்க. நடு நடுவுல ஆர்ட்டெமிஸ் பேசுற குரலும் வரும், அந்தக் காலத்துல ஒரு கேம்ல ஆள் குரல் கேக்குறதே பெரிய விஷயம்.

எதுல விளையாடுறதுன்னு பாத்தா ரெண்டு வழி இருக்கு. ஸ்விட்ச் இல்லன்னா பிஎஸ்4 வச்சிருக்கீங்கன்னா, பழைய ஆர்கேட் கேமுங்கள திருப்பி வெளியிடுற ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசைல ஆர்கேட் வெர்ஷனே கிடைக்குது, நான் சொல்றது அதத்தான், ஏன்னா ஆர்கேட் போர்டு நாம்கோ சிஸ்டம் 2, அதுல உருவத்த பெருசாக்குறது சின்னதாக்குறது எல்லாம் ஹார்ட்வேர்லயே நடக்கும், மெகா டிரைவ்ல அந்த வசதி கிடையாது, அதனால பாக்கவே வேற மாதிரி இருக்கும். ஆனா மெகா டிரைவ் வெர்ஷன் மோசம்னு சொல்ல மாட்டேன், அதுல நோவிஸ் மோடுன்னு ஒண்ணு இருக்கு, மொத 4 ஸ்டேஜ் மட்டும்தான் வரும், சின்னப் பசங்களுக்கும் இப்பதான் ஷூட்டர் பக்கமே வர்றவங்களுக்கும் அதுலருந்து ஆரம்பிக்கறது நல்லது. 7 ஸ்டேஜும் வேணும்னா அட்வான்ஸ் மோடு போகணும்.

அடுத்து டிவி. இத யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா இதுலதான் பாதி பேரு மாட்டுறாங்க. புது எல்இடி டிவி படத்த அழகா காட்டுறேன்னு உள்ள என்னென்னமோ பண்ணிட்டு கொஞ்சம் லேட்டாதான் காட்டும். இந்த கேம் செகண்டுக்கு சுமாரா 60 ஃப்ரேம் ஓடுது, அப்ப உங்க டிவி 50 மில்லி செகண்ட் தாமதமாக்குனாலே 3 ஃப்ரேம் போச்சு, குண்டு உங்கள தொட்டப்புறம்தான் அது பக்கத்துல வர்றதயே நீங்க பாக்குறீங்க. டிவி செட்டிங்ஸ்ல கேம் மோடுன்னு இருக்கும், அத ஆன் பண்ணுங்க, படத்த மெருகேத்துற மத்த ஆப்ஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. மெகா டிரைவ் வச்சிருக்கறவங்க வீட்டுல பழைய டப்பா டிவி பரண்ல கெடந்தா தயவு செஞ்சு பழைய இரும்புக்குப் போட்டுறாதீங்க, அதுல தாமதம்னு ஒண்ணு கிட்டத்தட்ட கிடையவே கிடையாது.

ஆர்கேட் வெர்ஷன் படம் நெட்டு வாக்குல இருக்கும், 224க்கு 288 புள்ளி. அகலமான டிவில நடுவுல ஒரு பட்டையா தெரியும், ரெண்டு பக்கமும் காலி. கம்ப்யூட்டர் மானிட்டர் ஸ்டாண்டுலயே திருப்புற மாதிரி இருந்தா செங்குத்தா திருப்பி வச்சி, கேம் செட்டிங்ஸ்லயும் படத்த திருப்பிக்கோங்க, ஸ்க்ரீன் முழுசும் கேம் வந்துரும், மேலருந்து வர்றது முன்ன விட பெருசா தெளிவா தெரியும். ஏற்காட்டுல இருக்கறவங்க மழ நாள்ல கரண்ட நம்ப முடியாதுன்னா மானிட்டருக்கும் கன்சோலுக்கும் சேத்து ஒரு யூபிஎஸ் போட்டுக்கோங்க, அஞ்சாவது ஸ்டேஜ்ல கரண்ட் போனா மனசு ஒடைஞ்சிரும்.

சரி, இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். பட்டன தட்டுனா சின்ன குண்டு போகும். அமுக்கிப் புடிச்சா கீழ ஒரு மீட்டர் ஏறும், நெறஞ்சதும் விட்டா பெரிய ஷாட் ஒண்ணு போகும், அது அடிக்கிற அடியே வேற. ஆனா அமுக்கிப் புடிச்சிருக்கற நேரம் உங்ககிட்டருந்து ஒண்ணுமே போகாது. மொத்த கேமும் இந்த ஒரு விஷயத்த சுத்திதான் கட்டி வச்சிருக்காங்க, சக்தி வேணும்னா கொஞ்ச நேரம் வெறுங்கையோட நிக்கணும்.

அஸ்தம்பட்டில எங்க சித்தி பையன் இருக்கான், அவன் விளையாடும்போது நான் டிவிய பாக்காம அவன் கட்டைவிரல மட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன். நகம் வெளுத்துப் போற அளவுக்கு தட்டிக்கிட்டே இருக்கான், ஸ்க்ரீன்ல ஒரு எதிரி கூட இல்ல, அப்பவும் தட்டுறான். "டேய், யார அடிக்கிற?" "யாராச்சும் வருவாங்கல்லண்ணா." "வர்றவரைக்கும் புடிச்சி வையிடா." "விட்டா செத்துருவேன்ணா." அந்த பயம்தான் எல்லாருக்கும் இருக்கு. மத்த ஷூட்டர்ல தட்டிக்கிட்டே இருக்கறதுதான் பாதுகாப்பு, அந்த பழக்கம் கைல ஊறிப் போயிருக்கு, இங்க அதே பழக்கம் நம்மள கொல்லுது, ஏன்னா பெரிய எதிரி வர்றப்ப மீட்டர் காலியா இருக்கும், சின்ன குண்ட வச்சி அத தட்டித் தட்டி கொல்றதுக்குள்ள அடுத்த கூட்டம் வந்து எறங்கிரும்.

அதனால மொத நாள் பயிற்சி இதுதான். முதல் ஸ்டேஜ ஆரம்பிங்க, ஸ்டேஜ் முடிக்கணும்னு நெனைக்காதீங்க. ஸ்க்ரீன் காலியான அந்த நொடியே பட்டன அமுக்கிப் புடிங்க. எதிரி தெரிஞ்சாலும் உடனே விடாதீங்க, அவன் எந்தப் பக்கமா வளையிறான்னு பாத்துட்டு, அவனுக்கு நேர் கீழ போயி விடுங்க. அடுத்த நொடி திருப்பி அமுக்குங்க. சார்ஜ் ஏறுற நேரத்த நகர்ற நேரமா மாத்திக்கணும், கை குண்டு விடாதப்ப கண்ணு ஃப்ரீயா இருக்கும், அப்பதான் எதிரி குண்டு எங்கருந்து வருதுன்னே தெரியும். சித்தி பையன இப்படி உக்கார வச்சி சொல்லிக் குடுத்தப்ப மொதல்ல அடி வாங்கிக்கிட்டேதான் இருந்தான், அப்புறம் ஒரு கட்டத்துல பெரிய ஷாட்ட விட்டுட்டு வலப்பக்கம் நழுவிக்கிட்டே அடுத்தத ஏத்த ஆரம்பிச்சான் பாருங்க, அந்த நிமிஷம் அவன் கேம புரிஞ்சிக்கிட்டான்.

அதுக்காக சின்ன குண்டே வேண்டாம்னு சொல்லல. வரிசையா பொடிப்பொடியா எதிரிங்க வர்ற எடத்துல தட்டுறதுதான் சரி, அங்க சார்ஜ் ஏத்திக்கிட்டு நின்னா சூழ்ந்துருவாங்க. ஆர்கேட் ஆர்கைவ்ஸ்ல பட்டன் செட்டிங்ஸ்ல ரேபிட் ஃபயர் போட வழி இருக்கு, ஒரு பட்டன்ல சாதாவும் இன்னொன்னுல ரேபிட் ஃபயரும் வச்சிக்கோங்க, பொடிக்கூட்டத்துக்கு ஒரு விரல், பெரிய ஷாட்டுக்கு ஒரு விரல். கட்டைவிரலும் தேயாது. சில பேரு இது ஏமாத்து வேலன்னு சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், இந்த கேம்ல தெறமைங்கறது வேகமா தட்டுறதுல இல்ல, அதத்தான் இவ்ளோ நேரம் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

எங்க நிக்கிறதுன்னு பாத்தா, கீழ நடுப்பகுதிதான் உங்க வீடு. அடி மூலைல போயி ஒட்டிக்காதீங்க, தப்பிக்க ஒரே ஒரு பக்கம்தான் இருக்கும். ரொம்ப மேலயும் போகாதீங்க, மேலருந்து புதுசா வர்றவன் உங்க தலைலயே எறங்குவான். நிறைய குண்டு உங்களக் குறி வச்சிதான் வரும், அதாவது விட்ட நொடில நீங்க எங்க இருந்தீங்களோ அங்கதான் போகும், அதனால பெருசா பாஞ்சு ஓடத் தேவையே இல்ல, ஸ்டிக்க லேசா ஒரு தட்டு, ஒரு சின்ன நகர்வு, குண்டு பக்கத்துல போயிரும். எடது ஓரத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா வலது பக்கம் நகர்ந்துக்கிட்டே வந்தீங்கன்னா எல்லா குண்டும் உங்க பின்னாடியே வரும். ஓரம் நெருங்குறப்ப மட்டும் ஒரு தடவ சட்டுனு பெரிய தாவு தாவி அந்த வரிசைய வெட்டிட்டு திரும்பி வரணும். பெகாசஸ் உருவம் கொஞ்சம் பெருசு, அதனால நூல் எடைவெளில நுழைஞ்சி வரலாம்னு நெனைக்காதீங்க, இப்ப வர்ற ஷூட்டர் கேமுங்க மாதிரி இதுல அது நடக்காது.

பவர்-அப்ல, அதாவது எடுத்தா சக்தி கூடுற ஐட்டத்துல, கூடவே வந்து சுடுற ஆப்ஷன் கெடச்சா விட்றாதீங்க, அதுக்காக கொஞ்சம் ரிஸ்க் எடுக்கலாம். வேகத்த கூட்டுற ஐட்டத்துல மட்டும் நிதானம் வேணும், உங்க கை அடக்கிப் புடிக்கிற அளவுக்கு மேல வேகம் போனா குதிரை நீங்க நெனச்ச எடத்துல நிக்காது. எது எடுத்தாலும் ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கோங்க, ஒண்ணுமே இல்லாம வெறும் சார்ஜ் ஷாட்ட (அமுக்கிப் புடிச்சி விடுற அந்த பெரிய ஷாட்ட) மட்டும் வச்சி பாஸ, அதாவது ஸ்டேஜ் கடைசில வர்ற பெரிய எதிரிய, அடிக்கப் பழகணும், அந்த நிலமைல நிக்க வேண்டி வரும், நிச்சயம் வரும்.

மெடூசா பத்தி ஒரு விஷயம் சொல்லாம போக மனசு வரல. கிரேக்கக் கதைல மெடூசா தலைய வெட்டுனது பெர்சியஸ், அப்ப அவ கழுத்துலருந்து பொறந்ததுதான் இந்த பெகாசஸ். அப்ப முதல் ஸ்டேஜ்ல குதிரை சண்டைக்குப் போறது யாரு கூடன்னு பாருங்க, பெத்த தாய் கூட. அது மேல ஏறி கைமீராவ கொன்னதா கதைல வர்றது பெல்லரோஃபான், அப்பல்லோ கெடையாது. ஆர்ட்டெமிஸும் கதைப்படி அப்பல்லோவுக்கு ரெட்டப்பொறப்பு, டெலோஸ் தீவுல லீட்டோவுக்குப் பொறந்தவங்க, கேம்ல அத காதலியா மாத்திட்டாங்க. நாம்கோக்காரங்க கதைங்கள கலைச்சுப் போட்டு தங்களுக்கு வேணுங்கற மாதிரி அடுக்கியிருக்காங்க, எனக்கு அதுல கோவம் இல்ல, இந்த கேம் மூலமா அந்தக் கதைங்கள தேடிப் படிச்ச பசங்கள எனக்குத் தெரியும்.

எந்த பாஸா இருந்தாலும் முறை ஒண்ணுதான். வந்த ஒடனே அடிக்காதீங்க. அவன் ஒரு சுத்து என்னென்ன பண்றான்னு முழுசா பாருங்க, சார்ஜ மட்டும் புடிச்சிக்கிட்டு தப்பிச்சிக்கிட்டே இருங்க. அப்புறம் ஒரு ஷாட் விட்டுப் பாருங்க, உடம்புல எந்த எடத்துல பட்டா அடி விழுதுன்னு கண்டுபுடிங்க, அவன் குண்டு விட்டு முடிச்சி அடுத்தது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எடைவெளி வரும், ஒரு எடைவெளிக்கு ஒரே ஒரு ஷாட். ரெண்டாவது ஷாட்டுக்கு ஆசப்பட்டுதான் எல்லாரும் சாவுறாங்க. விட்டோமா, நகர்ந்தோமா, திருப்பி ஏத்துனோமா, அவ்ளோதான்.

எதிரிங்க வர்ற வரிசை பெருசா மாறாது, அதனால மனப்பாடம் பண்றது தப்பில்ல, அதுதான் வழியே. சேலத்துலருந்து ஏற்காடு ஏறுற பஸ் டிரைவருக்கு 20 ஹேர்பின் பெண்டும் அத்துப்படி, பனி மூடியிருந்தாலும் எந்த வளைவுல கியர் மாத்தணும்னு கைக்குத் தெரியும், அந்த மாதிரி ஸ்டேஜ கைக்குப் பழக்கணும். ஒரு நோட்டு வச்சிக்கோங்க. எங்க செத்தீங்க, அப்ப எங்க நின்னீங்க, மீட்டர் எவ்ளோ இருந்துச்சு, இந்த மூணு மட்டும் எழுதுங்க. ரெண்டு மூணு நாள்ல பாத்தா அதே எடத்துல அதே மாதிரி சாவுறது தெரிய வரும், பெரும்பாலும் மீட்டர் காலின்னுதான் எழுதியிருப்பீங்க. ஆர்கேட் ஆர்கைவ்ஸ்ல நடுவுல நிறுத்தி சேவ் பண்ணிக்கலாம், அத வச்சி கஷ்டமான எடத்த மட்டும் திரும்பத் திரும்ப போட்டுப் பாருங்க. ஆனா வாரத்துல ஒரு நாளாவது கன்டின்யூ, சேவ் எதுவும் தொடாம மொதல்லருந்து ஒரே காசுல போங்க, ரெண்டாவது ஸ்டேஜ்ல முடிஞ்சாலும் பரவால்ல, அந்த பதட்டத்துல கை எப்படி நடந்துக்குதுன்னு தெரியணும்.

நாலு பேரு சேர்ந்து பழகுறதா இருந்தா ஆர்கேட் ஆர்கைவ்ஸ்ல கேரவன் மோடு இருக்கு, 5 நிமிஷத்துல யாரு அதிக ஸ்கோர்னு போட்டி. தட்டுவடை செட்ட ஓரமா வச்சிட்டு, கைய தொடச்சிட்டு ஆளுக்கு ஒரு ரவுண்டு ஆடுங்க, சட்னி பட்ட விரலோட கன்ட்ரோலர தொடாதீங்க. மத்தவங்க ஆடும்போது பாக்குறதுல நெறைய கத்துக்கலாம், முக்கியமா விரலப் பாருங்க.

டைஃபான் ஸ்டேஜுக்குப் போறவங்களுக்கு தனியா ஒண்ணு. அங்க வரைக்கும் வந்தாச்சுங்கற சந்தோஷத்துல கை திருப்பி தட்ட ஆரம்பிச்சிரும், இத நான் நெறைய பேருகிட்ட பாத்திருக்கேன். கடைசி பாஸ் கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு தடவ மூச்சு விட்டுட்டு, பட்டன அமுக்கிப் புடிச்சபடியே உள்ள போங்க, மொத சுத்து முழுக்க ஒரு குண்டு கூட விடாதீங்க.