உங்கள் ஆஸ்பத்திரிக்கு பி.ஜி. டாக்டர் வந்தால்

டி.ஆர்.பி. (மாவட்ட மருத்துவமனைப் பயிற்சித் திட்டம்) என்று ஒரு பி.ஜி. டாக்டரை, அதாவது எம்.டி., எம்.எஸ். மேற்படிப்புப் படிக்கும் டாக்டரை, மூன்று மாதத்துக்கு உங்களிடம் அனுப்பியிருக்கிறார்களா? முதலில் ஒன்று: நைட் டியூட்டி பட்டியலில் காலியாகக் கிடக்கும் கட்டங்களை அவரை வைத்து நிரப்பாதீர்கள். முதல் பேட்ச் வந்தபோது நான் அதைத்தான் செய்தேன். ஆள் கிடைத்த சந்தோஷம்!

2020 செப்டம்பரில் வந்த விதி இது. 2021-ல் சேர்ந்தவர்கள் முதல், 3, 4, 5-ஆம் செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். இதை ஒழுங்காக முடிக்காமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. அதனால் வருகிறவர்களில் பாதிப் பேர் கையெழுத்துக்காகத்தான் வருவார்கள். அதில் தப்பில்லை. பத்து நாளில் மாறிவிடுவார்கள்.

முதல் நாள் வார்டைக் கொடுக்காதீர்கள். மருந்து ஸ்டோர், லேப், ரத்த வங்கி மூன்றுக்கும் அனுப்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல் இங்கே என்னென்ன கிடைக்காது என்று அவரையே கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். கல்லூரி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினால் ரிசல்ட் வரும். இங்கே லேப் டெக்னீஷியன் வீட்டுக்குப் போய்விட்டால் நம் கண்ணும் கையும்தான் லேப்.

அதனால்தான் முதல் வாரத்திலேயே இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனையைச் சொல்லித் தருகிறேன். பாம்புக்கடி கேஸுக்கு இதைவிட நம்பகமான துணை ராத்திரியில் கிடையாது. சுத்தமான, உலர்ந்த, புதுக் கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம். இருபது நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ஓடினால் உறையவில்லை, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் ஏறியிருக்கிறது. கேட்க எளிதுதான். ஆனால் ஒரு ராத்திரி கண்ணாடிக் குழாய் தீர்ந்துபோய், பி.ஜி. பிளாஸ்டிக் குழாயில் வைத்துவிட்டார். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமே சரியாக உறையாது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அப்படித்தான். உறையவில்லை என்று பத்து குப்பி விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார். பாதியில் நோயாளிக்கு உடம்பெல்லாம் தடிப்பு, நடுக்கம், பி.பி. இறங்கிவிட்டது. சிஸ்டர் அட்ரினலினைக் கையில் எடுத்து வைத்திருந்தார். தொடையில் போட்டார்கள், பிழைத்தார். கடித்தது விஷப்பாம்புதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழாயைக் காட்டிச் சொல்லாதது என் தப்பு. இப்போது மேஜை டிராயரில் ஆறு கண்ணாடிக் குழாய் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறேன்.

கூடவே இதையும் சொல்லுங்கள்: தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வந்தால், ஊசி போட்டு அனுப்பும் முன் இமை தொங்குகிறதா என்று பாருங்கள். கட்டுவிரியன் கடித்த இடம் பல நேரம் தெரியவே தெரியாது. அதன் விஷம் தாக்குவது நரம்பை; ரத்தம் வழக்கம்போல உறையும், அதனால் குழாய் உதவாது.

அடுத்தது ரெஃபர் செய்வது, அதாவது நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. இதைக் கல்லூரியில் யாரும் கற்றுத் தருவதில்லை, அவர்கள் வாங்கிக்கொள்ளும் பக்கம் அல்லவா! ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது’ என்று மட்டும் எழுதிய சீட்டை நான் கிழித்துவிடுவேன். என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு, கிளம்பும்போது பி.பி. எவ்வளவு, அங்கே யாரிடம் ஃபோனில் பேசினோம் — நான்கும் இருக்க வேண்டும். முதல் டோஸ் இங்கேயே போட்டாக வேண்டும், 108 வரும்வரை கை கட்டி நிற்கக் கூடாது. இரண்டு நாள் கழித்து பி.ஜி.யே ஃபோன் போட்டு அந்த நோயாளி என்ன ஆனார் என்று கேட்டுச் சொல்ல வேண்டும். சில நாள் பதில் கேட்டு முகம் வாடிப்போகும். அப்போது டீ வாங்கிக் கொடுத்துக் கேஸ் ஷீட்டை எடுத்து வைத்து உட்காருங்கள். என் வகுப்பு அதுதான்.

ஓ.பி.யில் முதல் வாரம் பக்கத்தில் உட்காரட்டும், பிறகு தனி மேஜை. சர்க்கரை, பி.பி. மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினார்கள் என்று திட்டாமல் கேட்கப் பழகினால் போதும்.

பி.ஜி. தான் பார்த்த கேஸ்களை எழுதி வைக்கும் லாக் புக்கில், கேஸ் பார்த்த அன்றே கையெழுத்துப் போடுங்கள். ஒரு முறை கடைசி நாளில் மொத்தமாக உட்கார்ந்து போட்டேன். மறுவாரம் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் கூப்பிட்டு, “சார், மூணு மாசமும் ஒரே பேனாவா?” என்றார்.