கசாண்ட்ராவுக்கு முன்னால் ரெடிஸ்: பழைய தரவு கேஷில் தங்காமல் இருக்க

தரவு கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸில், மூன்று நோடுகளில் (டேட்டாபேஸ் கணினிகளில்) மூன்று பிரதிகளாக இருக்கிறது, முன்னால் ரெடிஸ் கேஷாக (நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் தற்காலிகக் கிடங்காக) நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். படிக்கும்போது முதலில் ரெடிஸில் தேடுங்கள்; இல்லாவிட்டால் கசாண்ட்ராவில் படித்து, டிடிஎல் (காலாவதி நேரம்) போட்டு ரெடிஸில் வையுங்கள். எழுதும்போது கசாண்ட்ராவில் எழுதி முடித்த பிறகே கேஷில் அந்தத் தரவின் கீயை (அது சேமிக்கப்பட்டிருக்கும் பெயரை) அழியுங்கள். கீயில் புது மதிப்பை நேரே எழுதினால், இரண்டு அப்ளிகேஷன் சர்வர்கள் ஒரே சமயத்தில் எழுதும்போது கேஷில் ஒன்றும் டேட்டாபேஸில் வேறொன்றுமாக நின்றுவிடலாம்.

பலர் கோட்டைவிடுவது கன்சிஸ்டன்சி லெவலில்தான் (எத்தனை பிரதிகள் பதில் சொன்னால் போதும் என்ற அமைப்பு). வேகம் வேண்டும் என்று ரீட், ரைட் இரண்டையும் 'ஒன்' என்று வைத்துவிடுவார்கள். ஒரு நோடில் எழுதியாயிற்று, கீயும் அழிந்தது. உடனே வரும் ரீட், புது மதிப்பு இன்னும் போய்ச் சேராத நோடில் விழுகிறது. கேஷ் இல்லாவிட்டால் இது பெரும்பாலும் சில மில்லிசெகண்டில் தானே சரியாகிவிடும். கேஷ் இருப்பதால், டிடிஎல் 10 நிமிடம் என்றால் 10 நிமிடமும் எல்லோருக்கும் பழைய மதிப்பே தெரியும். ஆகவே ரைட்டுக்கும், கேஷை நிரப்பும் ரீடுக்கும் 'லோக்கல் கோரம்' (அதே டேட்டா சென்டரில் உள்ள பிரதிகளில் பாதிக்கு மேல்) வையுங்கள். 3 பிரதிகளில் கோரம் என்பது 2. எழுதிய இரண்டும் படிக்கும் இரண்டும் ஒரு நோடிலாவது சந்தித்தே தீரும். (இந்த உறுதி ஒரே டேட்டா சென்டருக்குள் மட்டும்.) பெரும்பாலான ரீடுகள் கேஷிலேயே முடிவதால் கூடுதல் தாமதம் உறைக்காது.

அப்படியும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஒரு சர்வர் பழைய மதிப்பைப் படித்து வைத்திருக்கும்போதே வேறொன்று எழுதி, கீயை அழித்துவிடலாம். பிறகு முதல் சர்வர் பழையதை ரெடிஸில் போடும். ஒரு நொடி கழித்துக் கீயை மறுபடி அழித்தால் பெரும்பாலும் அடைபடும். மிச்சத்துக்கு டிடிஎல்தான் காவல். அது இல்லாத கீ ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எல்லாக் கீக்கும் டிடிஎல் 600 நொடி என்று ஒரே அளவு வேண்டாம். 0 முதல் 60 வரை ஏதோ ஓர் எண்ணைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒன்றாக நிரம்பியவை ஒன்றாகக் காலாவதியாகி, எல்லா ரீடும் மொத்தமாகக் கசாண்ட்ராவில் விழும்.

ரெடிஸில் மேக்ஸ்மெமரி (அது எடுக்கக்கூடிய உச்ச நினைவகம்) அளவை நீங்களே குறிக்க வேண்டும். அது நிரம்பினால் எதை நீக்குவது என்ற பாலிசி 'நோஎவிக்ஷன்' (எதையும் நீக்காதே) என்றே வரும். அப்படியே விட்டால் நினைவகம் நிரம்பியதும் ரைட்டுகள் எரர் ஆகும். கேஷுக்கு 'ஆல்கீஸ்-எல்ஆர்யூ' (நெடுநேரம் பயன்படாத கீயை முதலில் நீக்குவது) போதும்.

ரெடிஸ் அழைப்புக்கு 50 மில்லிசெகண்ட் போலக் குறுகிய டைம்அவுட் (காத்திருக்கும் வரம்பு) வையுங்கள். நேரலைக்கு விடுமுன் கேஷை முழுதாக நிறுத்தி ஒரு லோட் டெஸ்ட் (முழுப் பளுவைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை) ஓட்டுங்கள். அதில் கசாண்ட்ரா திணறினால், ரெடிஸ் விழும் நாளில் தளமும் விழும். நோடுகளைக் கூட்டுங்கள், அல்லது கசாண்ட்ராவுக்குப் போகும் ரீடுகளுக்கு வரம்பு கட்டுங்கள்.