பழுத்த இலையைப் பார்த்ததும் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்

புதிதாக நெல் சாகுபடிக்கு வந்த இரண்டு பேர் சில நாள் இடைவெளியில் எனக்கு இலைப் படம் அனுப்பினார்கள். இரண்டிலும் ஒரே வரிதான்: "யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை." படித்ததும் மனசு பதறியது. பாக்டீரியா இலைக்கருகல் என்ற நோயைச் சத்துக் குறை என்று நினைத்து, பல வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு, அதே வரிசையில்.

நல்ல விதை வாங்குங்கள், களை எடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

மஞ்சளைப் பசி என்று நினைப்பது

எனக்கு அது மூன்றாவது போகம். தூர் நன்றாகக் கட்டியிருந்தது. ஒரு வாரம் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த பிறகு, வயலின் ஒரு மூலையில் இலை நுனிகள் மஞ்சளாகத் தெரிந்தன. மழையில் தழைச்சத்து கரைந்து போயிருக்கும் என்று நினைத்து, அன்று மாலையே மேலுரமாக யூரியா வீசினேன். நான்கைந்து நாளில் பயிர் கரும்பச்சையாக நிமிர்ந்தது. நான் நினைத்தது சரிதான் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். பத்தாம் நாள் பார்த்தால் மூலையில் இருந்த மஞ்சள் பாதி வயலுக்கு வந்திருந்தது. கதிர் வெளிவரும்போது, கதிருக்கு அடியில் இருக்கும் கடைசி இலையான கண்ணாடி இலை வரை வைக்கோல் நிறம். தூற்றும்போது காற்றில் பறந்த பதரைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை. இன்றைக்கும் யாராவது இதைச் செய்கிறார்கள் என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. உரத்துக்கும் செலவு செய்து, விளைச்சலையும் இழக்கிற தவறு இது.

நடப்பது என்னவென்றால், பாக்டீரியா இலை ஓரத்து நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் உள்ளே போய், தண்ணீர் ஓடும் குழாய்களில் பெருகுகிறது. அதனால்தான் கருகல் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி நரம்போடு கீழே இறங்குகிறது. யூரியா கொடுத்தால் இலை மெத்தென்று அகலமாகும். பயிர் அடர்ந்து, உள்ளே ஈரம் காயாமல் நிற்கும். காற்றில் இலைகள் உரசி உரசிப் புதுக் காயம் உண்டாகும். 25 முதல் 34 டிகிரி வெப்பமும் 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் இருந்தால் இந்த நோய் வேகமாகப் பரவும். நோய் தாங்காத ரகத்தில், சூழலும் சாதகமாக இருந்தால், விளைச்சலில் 70 சதவீதம் வரை போகலாம்.

பிரித்தறிவது கடினமில்லை. தழைச்சத்துக் குறை அடி இலையில் தொடங்கும், இலை முழுக்கச் சீராக வெளிறும். கருகலில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே உள்ள கோடு அலை அலையாக இருக்கும், வயலில் திட்டுத் திட்டாக ஆரம்பிக்கும். ஆனால் சாம்பல் சத்துக் (பொட்டாஷ்) குறையும் நுனியையும் ஓரத்தையும் காய வைக்கும். அனுபவசாலிகள் ஏமாறுவது அங்கேதான்.

அதற்கு ஒரு கண்ணாடி டம்ளர் போதும். மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, சின்னத் துண்டு ஒன்றைத் தெளிந்த தண்ணீரில் விடுங்கள். பாக்டீரியா இருந்தால் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போல ஒரு கசிவு இழையாக இறங்கும். சத்துக் குறையில் அப்படி எதுவும் வராது. அதிகாலையில் போனால் இலையிலேயே பால் நிறத் துளிகள் தெரியும். வெயிலேறியதும் அவை மஞ்சள் மணிகளாகக் காய்ந்துவிடும். மதியம் வயலுக்குப் போகிறவர் கண்ணில் இது சுலபமாகப் படாது.

கசிவு தெரிந்தால் தழைச்சத்தை அன்றே நிறுத்துங்கள். தேங்கிய நீரை வடியுங்கள், வடிநீர் பக்கத்து வயலுக்குள் போகாமல் பாருங்கள். பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள். புது இலைகளில் கருகல் ஏறவில்லை என்று உறுதியான பிறகு, மீதி உரத்தைச் சிறு தவணைகளாகக் கொடுக்கலாம். அதுவரை பயிர் கொஞ்சம் வெளிறித்தான் நிற்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கார்பென்டசிம் தெளிப்பது

அது பூஞ்சாணத்துக்கான மருந்து. பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது.

நாற்று நுனியைக் கிள்ளி நடுவது

குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல் இலை நுனியில் இருக்கும் என்பதால் கிள்ளச் சொல்வார்கள். அந்தக் காரணம் சரிதான். ஆனால் கருகல் வழக்கமாக வரும் நிலத்தில், கிள்ளிய ஒவ்வொரு நுனியும் கிருமிக்குத் திறந்த வாசல். நட்ட ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் பயிர் வாடிச் சாய்வது இந்த நோயின் மிகக் கொடிய வடிவம். அதையும் பலர் குருத்துப்பூச்சி என்று நினைத்துப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். காய்ந்த குருத்தை இழுத்துப் பாருங்கள். பூச்சி தின்றிருந்தால் கையோடு வந்துவிடும். கருகலில் அப்படி உருவிக்கொண்டு வராது, அடித்தண்டைப் பிதுக்கினால் மஞ்சளான கசிவு வரும்.

ஈரத்தில் வேலை செய்வது

பாக்டீரியாக் கருகல் நெல்லில் மட்டும் வருவதில்லை. பீன்ஸ் வயலில் பனி காய்வதற்குள் இறங்காதீர்கள். நனைந்த இலையைத் தொட்ட கையும் துணியும் நோயை அடுத்த வரிசைக்குக் கொண்டுபோகும். மாதுளையில் கிளை வெட்டும் கத்தரிக்கோல்தான் ஆபத்து. ஒரு மரத்தில் வெட்டிய அதே கத்தரிக்கோலை அப்படியே அடுத்த மரத்தில் வைக்கிறார்கள். மரத்துக்கு மரம் 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க ஆகும் நேரம் அரை நிமிடம்கூட இல்லை. ஆப்பிள், பேரியில் வரும் தீக்கருகல் என்ற பாக்டீரியா நோய்க்கும் இது பொருந்தும். அங்கே கருகிய இடத்தோடு வெட்டினால் போதாது, அதற்குக் கீழே 20 முதல் 30 சென்டிமீட்டர் நல்ல மரத்தையும் சேர்த்து, மழையில்லாத நாளில் வெட்ட வேண்டும்.

மருந்தை நம்பி இருப்பது

தாமிர மருந்து இலையின் மேற்பரப்பில்தான் வேலை செய்கிறது. உள்ளே போய்விட்ட பாக்டீரியாவை எட்டாது. ஆன்டிபயாட்டிக் திரும்பத் திரும்பத் தெளித்தால் என்ன ஆகும் என்பதைத் தீக்கருகல் காட்டிவிட்டது: ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத கிருமி 1971-லேயே கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது.

நெல்லில் எதிர்ப்பு ரகம்தான் முதல் காவல். ஆனால் "எதிர்ப்பு ரகம்" என்ற ஒரு சொல்லோடு திருப்தி அடையாதீர்கள். இந்தப் பாக்டீரியாவில் பல இனங்கள் உண்டு. ஒரே மரபணுவை நம்பிய ரகம் சில போகங்களில் தோற்றுப்போகலாம். எக்ஸ்ஏ21 என்ற புகழ்பெற்ற எதிர்ப்பு மரபணு ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. அதோடு எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13 ஆகியவற்றையும் சேர்த்து உருவாக்கிய ரகங்கள் கூடுதலாகத் தாங்கும். விதை வாங்கும்போது எத்தனை எதிர்ப்பு மரபணு என்று கேளுங்கள்.

மறுதாம்பை விட்டுவைப்பது

அறுத்த தாளிலிருந்து மறுபடி துளிர்ப்பதுதான் மறுதாம்பு. அதை உழுது மடக்குங்கள். கிருமி அடுத்த போகம் வரை அதில் தங்கும்.

படம் அனுப்பியவர்களில் ஒருவர் டம்ளர் சோதனை செய்துவிட்டார். கசிவு வந்ததாம். தண்ணீரை வடித்துவிட்டார், இரண்டாம் தவணை யூரியா கொட்டகையிலேயே இருக்கிறது. இன்னொருவர், நான் பதில் அனுப்புவதற்குள் இரண்டாம் தவணையையும் போட்டிருந்தார்.