ஜெட் படகின் பின்னால் ஃபாயில் பழகுவது

ஃபாயில் என்பது பலகையின் அடியில் ஒரு தண்டில் (மாஸ்ட்) பொருத்திய, தண்ணீருக்குள் ஓடும் இறக்கை; வேகம் வந்ததும் பலகையைத் தண்ணீருக்கு மேல் தூக்கும். ஜெட் படகில் வெளியே சுழலும் விசிறி இல்லை. அதனால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உங்களை இழுக்கும் கயிறு தொய்ந்தால், படகின் அடியில் தண்ணீரை உள்ளிழுக்கும் உறிஞ்சுவாய் அதையும் இழுத்துக்கொள்ளும். ஆள் படகின் பின்பக்கம் ஏறும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும்.

முதலில் குட்டை மாஸ்ட், 45–60 செ.மீ. முன் இறக்கை பெரிது, 1500 சதுர செ.மீ.க்கு மேல். தலைக்கவசம், மிதவை உடுப்பு கட்டாயம். தண்ணீர் ஆழம் 2 மீட்டராவது வேண்டும்.

கயிறு 15–20 மீட்டர். வேகம் மணிக்கு 13–16 கி.மீ. போதும், ஓட்டுநர் மெதுவாகவே கூட்ட வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பலகை எகிறும். பலகையில் எழுந்து நின்றதும் முன்காலில் எடையை வையுங்கள். முதல் நாள் முழுக்கப் பலகையைத் தண்ணீரிலேயே ஒட்டி ஓட்டுவதுதான் பாடம். பிறகு முன்கால் அழுத்தத்தைச் சற்றே தளர்த்தினால் தானே உயரும்.

அதிகம் உயர்ந்தால் இறக்கை மேலே வந்து காற்றை உறிஞ்சும், தூக்குவிசை சட்டென்று போய்விடும், விழுவீர்கள். விழும்போது பலகையைத் தள்ளிவிட்டுப் பக்கவாட்டில் குதியுங்கள்.

படகுக்குப் பின்னால் நடுவிலுள்ள வெள்ளை நுரையிலும் இதே தொல்லைதான். ஓரத்துச் சுத்தமான அலையைப் பிடியுங்கள். அலை உங்களைத் தள்ளத் தொடங்கிக் கயிறு தொய்ந்தால், கைப்பிடியை விட்டுவிடுங்கள்; படகில் இருப்பவர் உடனே கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளட்டும்.