டவர் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் வரல: மோடத்தில் நாம் செய்யும் தவறுகள்

கம்பத்தில் வீடும் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டமும் வைத்திருப்பவர்கள் இப்போது மோட்டாருக்கும் கேமராவுக்கும் சிம் போட்ட மோடம்தான் (டவர் வழியாக நெட் இணைப்புத் தரும் பெட்டி) வைக்கிறார்கள். என்னிடம் ரிப்பேருக்கு வருவதில் பலவற்றில் பழுதே இருக்காது. “அண்ணே, டவர் ஃபுல்லா காட்டுது, நெட்டுதான் வரல” என்று ஜீப்பிலிருந்து இறங்கும்போதே சொல்வார்கள். முதல் தவறு அந்தப் பேச்சிலேயே இருக்கிறது.

மோடம் ஆன் ஆனதும் ஒரே தாவலில் நெட்டுக்குப் போய்விடாது. முதலில் சிம்மைப் படிக்கும். அப்புறம் டவர் தேடும். கிடைத்த நெட்வொர்க்கில் பதிவு செய்துகொள்ளும். பிறகு டேட்டா சேவையில் சேர்ந்து, கடைசியாக டேட்டா கால் (நெட்டுக்கான இணைப்பு) போட்டு ஐபி முகவரி, அதாவது நெட்டில் தன்னை அடையாளம் காட்டும் எண், வாங்கும். (4ஜியில் சேர்வதும் முகவரி வாங்குவதும் சேர்ந்தே நடந்துவிடும்.) சிக்னலைக் காட்டும் டவர் கோடுகள் சொல்வது இரண்டாம் படியை மட்டும்தான். குமுளி மலை கண்ணுக்குத் தெரிந்தால் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டோம் என்றா அர்த்தம்?

கணினியில் மாட்டி ஏடி கட்டளை (மோடத்திடம் நிலவரம் கேட்கவும் வேலை சொல்லவும் அடிக்கும் AT என்று தொடங்கும் வரி) கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு வேறொரு குழி காத்திருக்கிறது. ஏடி+சிஎஸ்க்யூ என்று கேட்டால் சிக்னல் அளவு 0 முதல் 31 வரை வரும். 0 என்றால் மைனஸ் 113 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) அல்லது அதற்கும் கீழே, அதாவது மிகப் பலவீனம்; 31 என்றால் மைனஸ் 51 அல்லது அதற்கு மேலே. ஒருவர் 99 வந்ததைப் பார்த்து, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்ற சந்தோஷத்தில் ஆன்டெனாவை அந்த இடத்திலேயே ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டார். 99 என்றால் ‘அளக்க முடியவில்லை’ என்று பொருள்.

எல்லையில் இருக்கும் நமக்கென்றே ஒரு தவறு உண்டு; அதை நானே செய்திருக்கிறேன். சிம் தமிழ்நாட்டு வட்டத்தினுடையது (வட்டம் என்பது போன் கம்பெனிகளுக்கான சேவைப் பகுதி), தோட்டம் இருப்பது கேரள வட்டத்தில். கம்பெனி ஒன்றுதான் என்றாலும் வட்டத்துக்கு வட்டம் நெட்வொர்க் எண் மாறும். பதிவு நிலையை ஏடி+சிஆர்இஜி? என்று கேட்டால், சொந்த நெட்வொர்க்குக்கு 1, ரோமிங்குக்கு 5, தேடிக்கொண்டிருந்தால் 2, மறுத்துவிட்டால் 3 என்று பதில் வரும். ஒரு மோட்டார் கன்ட்ரோலருக்கு ‘1 வரும்வரை காத்திரு, வராவிட்டால் ரீஸ்டார்ட் செய்’ என்று புரோகிராம் எழுதினேன். கடையில் வைத்துப் பார்த்தபோது அருமையாக ஓடியது. மலைக்குப் போனதும் ஓயாமல் ரீஸ்டார்ட். இரண்டு முறை ஜீப் ஏறிய பிறகுதான் 0,5 என்ற பதில் கண்ணில் பட்டது; அதில் இரண்டாவது எண்தான் பதிவு நிலை. புரோகிராமில் ‘5 வந்தாலும் சரி’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. ரவுட்டரில் ‘டேட்டா ரோமிங்’கைப் பழைய பில் பயத்தில் அணைத்து வைப்பதும் இதே வகைதான்.

இன்னொன்று, சிஆர்இஜி குரல் அழைப்புப் பக்கத்துப் பதிவைத்தான் சொல்லும். 2ஜி, 3ஜி டேட்டாவுக்கு சிஜிஆர்இஜி, 4ஜிக்கு சிஇஆர்இஜி என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2 வந்தால் பொறுங்கள். அணைத்துப் போட்டால் தேடல் முதலிலிருந்து தொடங்கும். 3 வந்தால் சிம்மையும் ரீசார்ஜையும் பாருங்கள். பதிவு நன்றாக இருந்தும் முகவரி கிடைக்கவில்லையென்றால் ஏபிஎன் (கம்பெனியின் நெட் வாசலுக்கு மோடத்தில் போடும் பெயர்) எழுத்துப்பிழையோடு இருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான்.

பழைய முறையில் *99# டயல் செய்து ‘கனெக்ட்’ என்று வந்துவிட்டால், அதன்பிறகு நீங்கள் அடிப்பதெல்லாம் டேட்டாவாக வெளியே போகும், கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. பதில் வராததால் ‘தொங்கிருச்சு’ என்று வயரைப் பிடுங்குவார்கள். ஒரு நொடி சும்மா இருந்து, +++ அடித்து, என்டர் தட்டாமல் இன்னொரு நொடி பொறுத்தால் ஓகே என்று வரும். கால் அப்போதும் அறுந்திருக்காது. ஏடிஓ கொடுத்தால் டேட்டாவுக்குத் திரும்பலாம், ஏடிஎச் கொடுத்தால் துண்டிக்கலாம்.

4ஜியில் சில நொடிகள் எதுவும் அனுப்பாவிட்டால் மோடம் ஓய்வு நிலைக்குப் போகும். ஐபி முகவரி அப்படியே இருக்கும்; அதைத் துண்டிப்பு என்று எண்ணி மறுபடி டயல் செய்ய வேண்டாம். ஆனால் நெடுநேரம் பேச்சே இல்லையென்றால் கம்பெனியின் பக்கத்தில் இணைப்பை மறந்துவிடுவார்கள், மோடத்துக்கு அது தெரியாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை சின்னதாக ஏதாவது அனுப்பிக்கொண்டிருங்கள். இரண்டு மூன்று முறை பதில் வராவிட்டால் டேட்டா காலை மட்டும் அறுத்துப் போடுங்கள். ரீஸ்டார்ட் கடைசி வழி.

அப்புறம் கரண்ட். 2ஜியில் தூரத்து டவரைப் பிடிக்கும்போது மோடம் கண நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயரும் பழைய போன் சார்ஜரும் போட்டிருந்தால் வோல்டேஜ் சரிந்து, சரியாகப் பதிவாகும் நேரத்தில் அணைந்து எரியும். பார்ப்பவருக்கு அது சிக்னல் கோளாறு மாதிரியே தெரியும். சென்ற மழைக்காலத்தில் ஒருவர் இதற்காக மூன்று சிம் மாற்றினார். நான் மாற்றியது சார்ஜரை.