எர்லாங்கையும் ஆரக்கிளையும் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் எர்லாங் நிரல்மொழியில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ டெலிகாம், பில்லிங் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இந்த நிலைமை புரியும்: புது சேவை எர்லாங்கில், கணக்கெல்லாம் பழைய ஆரக்கிள் தரவுத்தளத்தில். ஓடிபிசி (தரவுத்தளத்தோடு பேச உதவும் பொது இடைமுகம்) வழியாக இரண்டையும் இணைத்து, 'செலக்ட் 1 ஃபிரம் டூயல்' என்று ஒரு சோதனைக் கேள்வி கேட்டு, பதில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. அந்தக் கேள்வியில் தமிழ்ப் பெயர் இல்லை, காசு இல்லை, காலி மதிப்பும் இல்லை. தகராறு அங்கேதான் வருகிறது, பல நேரம் எரர் எதுவும் காட்டாமல்.

தமிழ் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரக்கிள் கிளையன்ட் எந்தக் குறியாக்கத்தில் பேச வேண்டும் என்பதை என்எல்எஸ்_லேங் என்ற சூழல் மாறி சொல்கிறது. அதை அமைக்காவிட்டால் வெறும் ஆஸ்கிதான், அதாவது ஆங்கில எழுத்து மட்டும். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிப் பதிவாகும். பதிவான பிறகு அவற்றை மீட்க வழியே இல்லை. டெர்மினலில் சரியாக ஓடியதே என்பீர்கள். உங்கள் பேஷ் கோப்பில் எழுதிய மதிப்பு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி கிளப்பும் சேவைக்குப் போய்ச் சேராது. சேவையின் யூனிட் கோப்பிலேயே அந்த மாறியின் குறியாக்கப் பகுதியை ஏஎல்32யுடிஎஃப்8 (ஆரக்கிள் யுடிஎஃப்-8-க்கு வைத்த பெயர்) என்று தனியாகக் கொடுங்கள்.

அப்புறம் நீளம். எழுத்து நெடுவரிசையின் வகை வார்கேர்2(20) என்றால், அமைப்பை யாரும் மாற்றாத வரை, 20 எழுத்து இல்லை, 20 பைட். 'பெங்களூரு' என்ற ஒரே சொல்லில் 9 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 27. மதிப்பு நீளம் என்று சொல்லும் ஓஆர்ஏ-12899 எரர் வந்து நிற்கும். கன்னடத்துக்கும் இதே கணக்குதான். அட்டவணை உருவாக்கும்போதே 20 கேர் என்று எழுதச் சொல்லி டிபிஏவிடம் (தரவுத்தள நிர்வாகியிடம்) கேளுங்கள்.

என்னைக் கேட்டால் இதைவிட ஆபத்தானது பணம். தசமம் உள்ள நம்பர்(12,2) போன்ற நெடுவரிசையை எர்லாங்கின் ஓடிபிசி ஃப்ளோட்டாக, அதாவது தோராயமான தசம எண்ணாகத் தருகிறது. ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004. ஒரு பில்லில் தெரியாது. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்குத் தெரியும். தொகையை ஆரக்கிளின் டூ_கேர் ஃபங்ஷன் போட்டுச் சரமாக எடுங்கள், அல்லது பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். எர்லாங்கின் முழு எண்ணுக்கு நடைமுறையில் உச்சவரம்பு கிடையாது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

காலிச் சரத்தை ஆரக்கிள் நல் (மதிப்பே இல்லை) ஆகத்தான் வைக்கிறது. நீங்கள் காலி பைனரி அனுப்பினால், திரும்பி வருவது நல் என்ற ஆட்டம் (எர்லாங்கில் பெயரே மதிப்பாக இருக்கும் வகை). காலி பைனரிக்கு மட்டும் பேட்டர்ன் எழுதிய ஃபங்ஷன் அங்கே விழும். வேர் நிபந்தனையில் காலிச் சரத்தோடு சமம் என்று கேட்டால் ஒரு வரிசையும் வராது. 'இஸ் நல்' என்றுதான் கேட்க வேண்டும்.

வேகம் போதவில்லை என்று சிலர் ஆரக்கிளின் சி நூலகத்தை நிஃப் (எர்லாங்குக்குள்ளேயே ஓடும் சி ஃபங்ஷன்) ஆகச் சுற்றுகிறார்கள். வேண்டாம். நிஃப் விழுந்தால் எர்லாங்கை ஓட்டும் மொத்த விஎம்மும் விழும். சாதாரண நிஃப் 1 மில்லிசெகண்டைத் தாண்டினாலே வேலைகளுக்கு முறை பிரித்துக் கொடுக்கும் ஷெட்யூலர் தடுமாறும். ஓடிபிசி பயன்பாடு தனி சி நிரலாக ஓடுவதால் அது விழுந்தாலும் எர்லாங் பிழைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு கட்டளையையும் உடனே நிரந்தரமாக்கும் ஆட்டோ கமிட் ஓடிபிசியில் இயல்பாகவே ஆன் ஆக இருக்கும். ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் சேர்க்கும் வேலைக்கு அதை அணைத்து, கமிட்டை நீங்களே சொல்லுங்கள்.

உண்மையில் வேகம் போவது வேறு இடத்தில். சேவை பெங்களூருவில், தரவுத்தளம் மும்பையில் என்றால் கேபிள் தூரம் ஆயிரம் கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஃபைபரில் ஒளி மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். போய்வர 10 மில்லிசெகண்ட். 10,000 வரிசைகளை ஒவ்வொன்றாக இன்சர்ட் செய்தால் 100 செகண்ட் வழியிலேயே போய்விடும். எர்லாங் ஓடிபிசியின் பாரம்_குவெரி ஃபங்ஷனில் ஒரே அழைப்பில் பல வரிசைகளைக் கொடுக்கலாம். மதிப்புகளைச் சரத்தில் ஒட்டி எழுதும் பழக்கமும், அதோடு வரும் இன்ஜெக்‌ஷன் (மதிப்புக்குள் கட்டளையைத் திணிக்கும் தாக்குதல்) ஆபத்தும் அப்போது சேர்ந்தே ஒழியும்.